பகாசூரன் வண்டியில் பீமனாக ஏறப் போகிறவர்களுக்கு

ஆரணி, செய்யாறு, செஞ்சி பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். அதில் பகாசூரன் வதத்துக்கென்று ஒரு நாள் உண்டு. அன்று சோற்று வண்டி ஊரைச் சுற்றி வரும். பல ஊர்களில் கூத்து ஜமாக்காரரே (கூத்துக் குழுவைச் சேர்ந்தவர்) பகலிலும் பீமனாக ஏறுவார். எங்கள் ஊரில் வண்டிக்கு மட்டும் ஊர்க்காரர். பட்டாளத்தில் 17 வருடம் இருந்துவிட்டு வந்ததால் என்னைப் பிடித்து ஏற்றினார்கள். ஆறு முறை ஏறிவிட்டேன். இனி முழங்கால் ஒத்துழைக்காது. அடுத்து ஏறப் போகிற தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேஷம் கட்டுவதற்கு முன்னால் கதையைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாரதம் படிக்கிறவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். எங்கள் பக்கத்தில் வில்லிபாரதம் பாடுவார்கள். இந்தக் கதை நடக்கிற ஊரை வில்லிபுத்தூரார் வேத்திரகீயம் என்பார். வியாசர் ஏகசக்கரம் என்கிறார். அரக்கு மாளிகையிலிருந்து தப்பிய பாண்டவர்கள் அங்கே ஒரு அந்தணர் வீட்டில் ஒண்டியிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே பகன் என்ற அரக்கன், அவன்தான் பகாசூரன். முறை வைத்து ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, கூடவே ஒரு ஆள் போக வேண்டும். அன்று அந்த வீட்டு முறை. நான் போகிறேன் என்கிறார் அப்பா, இல்லை நான் என்கிறாள் அம்மா, மகளும் அதையே சொல்கிறாள். மழலை மாறாத சின்னப் பையன் ஒரு புல்லை எடுத்துக்கொண்டு, இதாலேயே அவனைக் கொன்றுவிடுவேன் என்கிறான். அத்தனை அழுகைக்கு நடுவிலும் அவர்கள் முகம் மலர்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் குந்தி உள்ளே வருகிறாள், அவர்களுக்குப் பதிலாகத் தன் மகன் பீமனை அனுப்புகிறாள்.

அந்தப் புல் பிடித்த பையனை மனதில் வைத்து, எங்கள் ஊரில் எட்டு வயதுப் பிள்ளை ஒருவனுக்கு மாலை போட்டு வண்டியில் உட்கார வைப்போம். அரக்கனுக்குப் போகிற ஆள் அவன்தான். கையில் அருகம்புல் கொடுப்போம். கடைசித் தெரு முனையில் பீமன் அவனை இறக்கிவிட்டுத் தான் மட்டும் போவான். எல்லா ஊரிலும் இந்த வழக்கம் இல்லை. இருக்கிற ஊரில் நாளின் உயிரே அந்த இடம்தான்.

முதல் வருடம் எனக்கு அது தெரியவில்லை. கதாயுதத்தைச் சுழற்றுவதும் மீசையை முறுக்குவதுமாக இருந்துவிட்டேன். முனை வந்ததும் பையனை ஒரு கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன். தோள் வலித்து அவன் வீறிட்டு அழுதான். பகனிடமிருந்து காப்பாற்ற வந்தவனைப் பார்த்தே பிள்ளை பயந்து ஓடினான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முந்தின நாளே அவன் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பழகுங்கள். முகத்தில் அரிதாரம் பூசும்போது அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முகத்துக்குள் இருப்பது மாமாதான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். வண்டியில் அவனுக்கு வைக்கோல் மேல் சாக்கு போட்டு நிழல் விழுகிற பக்கம் இடம் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் உங்கள் பொறுப்பு. இறக்கும்போது இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். தரையில் விடாதீர்கள், நேராக அம்மா கையில் கொடுங்கள். அவள் எந்த வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கள். "போ கண்ணு, உன் முறைக்கு நான் போறேன்" என்று சொன்னால் கடைசித் திண்ணை வரை கேட்க வேண்டும்.

சோறு பற்றி ஒரு வார்த்தை. இரண்டு சிப்பம் அரிசி வடிப்போம். வடித்த சோற்றைப் பாயில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே வண்டியில் இலை விரித்துக் குவிக்க வேண்டும். சூட்டோடு குவித்தால் அடிச்சோறு வியர்த்து நொசநொசத்துவிடும், மூன்று மணிக்குள் புளித்த வாடை வரும். ஊர் வாயில் போகிற பிரசாதம், விளையாட்டில்லை. மேலே பூசணிக்காய்க் குழம்பு, வடை, வீடுகளில் இருந்து வரும் கொழுக்கட்டை, களி உருண்டை. வண்டிக்கு அச்சாணியும் மையும் வண்டிக்காரர் பார்த்துக்கொள்வார். எருமை கிடைக்காவிட்டால் காளை பூட்டலாம்.

கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியவை, கனமே இருக்காது. ஆனால் கயிறு தோளை அறுக்கும். உள்ளே பழைய வேட்டியை மடித்து வைத்துக் கட்டுங்கள். வியர்வையைத் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.

அடுத்தது சாப்பிடும் இடம். பகன் வருகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவனுக்கு வந்த சோற்றை நீங்கள் தின்ன வேண்டும். அவன் பின்னால் வந்து இரண்டு கையாலும் முதுகில் அடிப்பான். திரும்பவே கூடாது. வியாசர் பாரதத்தில் பீமன் தின்று முடித்துக் கை கழுவிய பிறகுதான் எழுந்திருக்கிறான். எனக்கு இது பெரும்பாடு. பின்னால் சருகு அசைந்தாலே திரும்பிப் பழகிய உடம்பு. ஒரே வழி, நிஜமாகவே பசியோடு போங்கள். காலையில் நீராகாரம் மட்டும் குடியுங்கள். வெறும் சோறு தொண்டையில் அடைக்கும், மோர் விட்டுப் பிசைந்து சின்னச் சின்னக் கவளமாகத் தின்னுங்கள். மூன்றாவது அடிக்கும் நீங்கள் மென்றுகொண்டே இருந்தால் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள்.

சண்டையில் பகனுக்குக் குப்புற விழ வைக்கோல் பரப்பி வையுங்கள். முதுகில் முழங்காலை வைத்து உடைப்பதுதான் வதம். உங்கள் எடை முழுவதும் மறு காலில் இருக்கட்டும். வலித்தால் அவர் தரையை இரண்டு முறை தட்டுவார் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் வைக்கோல் பொம்மையை ஊர் எல்லை வரை இழுத்து வந்து போடுவது.

சோறு பங்கிடும்போது பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் முந்தானை ஏந்தி வருவார்கள். அவர்களுக்கு முதலில் போடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னொன்று. பையன் கையில் கொடுத்த புல் வெயிலில் வாடிவிடும், சில சமயம் எருமையே தின்றுவிடும். கச்சையில் இன்னொரு அருகம்புல்லைச் செருகிக்கொண்டு ஏறுங்கள். அம்மா கையில் கொடுக்கும்போது அவன் கை வெறுமையாக இருந்தால், அதை எடுத்து அவனிடம் கொடுங்கள்.