பழைய பிரிக்ஸ் எஞ்சினை மிதிவண்டியில் பொருத்துதல்

பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கிடைத்தண்டு எஞ்சினை (சுழல்தண்டு கிடைமட்டமாக இருக்கும் சிறு பெட்ரோல் எஞ்சின்) மிதிவண்டியில் ஏற்றுவதற்கு முன், ஃப்ளைவீல் என்னும் கனமான சுழல்சக்கரத்தைக் கழற்றி, அதன் அடியில் உள்ள பாயின்ட்டை (ஸ்பார்க் உண்டாக மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) சுத்தம் செய்து, இடைவெளியை 0.5 மில்லிமீட்டருக்குச் சரிசெய்ய வேண்டும். நெடுநாள் கிடந்த எஞ்சினில் ஸ்பார்க் வராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் எண்ணெய் பம்பு கிடையாது. பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டிதான் எண்ணெயை வாரி இறைக்கிறது. ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்பதற்காக எஞ்சினை அதிகம் சாய்த்துப் பொருத்தினால், கரண்டிக்கு எண்ணெய் எட்டாமல் ராடு சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும். அழகுக்காக இதில் சமரசம் செய்யவே கூடாது.

26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நகர்வதால், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் கிடைக்க, மொத்தக் குறைப்பு விகிதம் சுமார் 12க்கு 1 ஆக, அதாவது எஞ்சின் 12 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்படி, இருக்க வேண்டும். இடையில் ஒரு துணைத்தண்டு வைத்து இரண்டு கட்டமாகக் குறைப்பதே நல்லது. எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் காக்கும் கவர்னரைக் கழற்ற வேண்டாம். முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக் போட்ட பிறகே வண்டியைச் சாலையில் இறக்குங்கள்.