வேலையிடத்தில் பாகுபாடா? நெல்லைப் பக்கத்துத் திருநங்கை, திருநம்பிகள் புகார் எழுதும் முறை

2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேலை விஷயத்தில் தெளிவாகத்தான் பேசுகிறது. ஆள் எடுப்பது, பதவி உயர்வு, நீக்கம் எதிலும் பாகுபாடு கூடாது என்கின்றன 3, 9-ஆம் பிரிவுகள். தனியார் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். சிக்கல் 18-ஆம் பிரிவில் இருக்கிறது. சிறைத் தண்டனை சொல்லும் அந்தப் பிரிவு, வேலை மறுப்பைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கவில்லை. தண்டனை இல்லாத தடையால் என்ன பயன் என்று பலர் கேட்பது நியாயமே. அதற்காகப் புகார் கொடுப்பதே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். தேதி போட்ட காகிதம் கையில் இருந்தால் இந்தச் சட்டத்தை வைத்தே நிறையச் செய்யலாம்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். சம்பவம் நடந்த அன்று இரவே தேதி, நேரம், இடம், பேசியவர், பக்கத்தில் நின்றவர் எல்லாவற்றையும் எழுதுங்கள். "கேவலமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் விசாரணையில் நிற்காது. கை கூசினாலும் அவர் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவை வேறு ஃபோனுக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் பதிவு முதலில் வந்த ஃபோனைத்தான் கேட்பார்கள். வேலைக்கான கடிதமே தராத இடமென்றால் அடையாள அட்டை, பி.எஃப். எண், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, ஜிபே வரவு இவையே அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சி.

"நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிரு, பிரச்சினை வேண்டாம்" என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். ராஜினாமாவில் கையெழுத்துப் போட்ட நிமிஷமே "அவராகத்தான் போனார்" என்ற பதில் நிறுவனத்துக்குக் கிடைத்துவிடுகிறது. பல வழக்குகள் தள்ளாடுவது இங்கேதான். ஏற்கெனவே கையெழுத்து வாங்கிவிட்டார்களா? மறுநாளே, தாமதித்தால் இரண்டு மூன்று நாளுக்குள், "வற்புறுத்தலின் பேரில் எழுதியது, திரும்பப் பெறுகிறேன்" என்று தபாலில் அனுப்புங்கள்.

11-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். கங்கைகொண்டான் சிப்காட் ஆலையானாலும் பாளையங்கோட்டைப் பள்ளியானாலும் இதுதான் சட்டம். அப்படி யாரும் இல்லையென்றால் நிறுவனத் தலைவர் பெயருக்கே எழுதி, அலுவலரை நியமிக்காததையும் ஒரு குறையாகச் சேருங்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி வேலையில் இன்னொரு முடிச்சு உண்டு. இலையும் தூளும் கொடுக்கும் கடைக்காரர் தனி ஆள். சட்டம் சொல்லும் "நிறுவனம்" அவர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். அதனால் அவர் எந்தக் கம்பெனிக்குப் பீடி போடுகிறாரோ, அந்தக் கம்பெனிக்கே புகாரை அனுப்புங்கள்.

புகார் ஒரு பக்கம் போதும். பெயர், வேலை, சேர்ந்த தேதி. நடந்தவை தேதி வரிசையில். 3, 9-ஆம் பிரிவுகள். கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் எதையாவது செய்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். மீண்டும் வேலையா, நிறுத்திய சம்பளமா, ஷிப்ட் மாற்றமா என்று திட்டமாக எழுதுங்கள். கழிப்பறைப் பிரச்சினை என்றால் இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2020 விதிகளின் 12-ஆம் விதியைக் காட்டுங்கள். பாலினப் பாகுபாடில்லாத கழிப்பறை போன்ற வசதிகளை நிறுவனம் தன் சம வாய்ப்புக் கொள்கையில் சொல்ல வேண்டும் என்கிறது அது. ஆதாரில் பழைய பெயர் இருந்தால் இரண்டு பெயரையும் எழுதி, கலெக்டர் தந்த அடையாளச் சான்று இருந்தால் நகலை இணையுங்கள்.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் அதோடு இணைந்துவிட்டது. புகார் கிடைத்த 15 நாளில் அலுவலர் விசாரிக்க வேண்டும். அறிக்கை வந்த 15 நாளில் நிறுவனத் தலைவர் முடிவெடுக்க வேண்டும். இது 13-ஆம் விதி. இரண்டு தேதியையும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

பதில் வரவில்லை, அல்லது பாதகமாக வந்தது என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம். ஒரு திருநங்கை ஆசிரியரைப் பள்ளிகள் வெளியேற்றிய வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்ட வழி அது. கூடவே திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தென்காசி 2019-லேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆலங்குளம், கடையம்காரர்கள் அங்கேதான் கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்கு ஃபோன் பண்ணுங்கள்.

அடி, பாலியல் தொல்லை, வசவு, பொருளாதார ரீதியான கொடுமை என்றால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. இவை 18-ஆம் பிரிவுக்குள் வரும் குற்றங்கள். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நேராகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.