அதிகம் பேசாதவர்கள் புது மொழி பேசக் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் சூலூர்பேட்டை லோக்கல் ரயிலில் ஏறினால் கும்மிடிப்பூண்டி வரைக்கும் பெரும்பாலும் தமிழ்தான் காதில் விழும். எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் இருக்கும் தடாவில் இறங்கினால் சுற்றிலும் தெலுங்கு. தடா பக்கத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, வேலையைவிட அந்தத் தெலுங்குதான் பெரிய கவலையாக இருந்தது. தமிழிலேயே நாலு பேர் நடுவில் வாய் திறக்க யோசிக்கிற ஆள் நான். இன்று தெலுங்கில் தடுமாறாமல் வேலை பார்க்கிறேன். அதற்குள் செய்த தவறுகளில் பாதியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

முதல் தவறு, நம்மை நாமே தப்பாகப் புரிந்துகொள்வது. கூச்சம் வேறு, அமைதியான சுபாவம் வேறு. எதிரில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற பயம் கூச்சம். அது பழகப் பழகக் குறையும். நிறைய பேரோடு நிறைய நேரம் பேசினால் உள்ளே சக்தி வடிந்துவிடுவது சுபாவம். உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் பிரபலமாக்கிய இன்ட்ரோவர்ட் என்ற சொல் இந்த இரண்டாவது வகையைத்தான் குறிக்கிறது. இது மாறாது, மாறவும் வேண்டியதில்லை. ஆனால் ஊரே சொல்லும் யோசனை என்ன? "கூச்சத்தை விடு, பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசு." அதைக் கேட்டு நானும் பதினைந்து பேர் சேர்ந்து பேசும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். ஒவ்வொரு முறையும் தலைவலியோடு வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது வாரம் நின்றுவிட்டேன். மொழி எனக்கு வராது என்று அப்போது முடிவே கட்டிவிட்டேன். மொழியில் குறை இல்லை, நான் போன வழிதான் என் உடம்புக்கு ஒத்துவரவில்லை.

அடுத்தது இதற்கு நேர் எதிர்த் தவறு. நம்மைப் போன்றவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். வகுப்பை விட்டதும் செல்போனுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். ஆப், வீடியோ, சொற்பட்டியல் என்று மாதக்கணக்கில் போனது. யாரும் குறுக்கிடாத சுகமான படிப்பு. தெலுங்கு எழுத்து வந்தது, ஸ்டேஷன் பலகையெல்லாம் படிப்பேன். ஆனால் தடா டீக்கடையில் "சர்க்கரை குறைவாக" என்று கேட்க வாய் வரவில்லை. நிறைய கேட்டால் பேச்சு தானாக வரும் என்று நினைத்திருந்தேன். கனடாவில் பிரெஞ்சு வழியில் பல ஆண்டுகள் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மொழியியலாளர் மெர்ரில் ஸ்வெய்ன் 1985-இல் சொன்னது இதற்கு மாறாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்பதும் படிப்பதும் நன்றாகப் புரிந்தது, பேச்சில் மட்டும் பிழைகள் தங்கிவிட்டன. சொல்ல முயலும்போதுதான் எது தெரியவில்லை என்பதே நமக்குத் தெரிகிறது என்பது அவருடைய வாதம். என் அனுபவம் அதற்கு அப்படியே பொருந்துகிறது.

சரி, கூட்டமும் வேண்டாம், ஒளிவதும் வேண்டாம் என்றால் என்ன செய்வது? ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள். வடசென்னையில் தெலுங்குக்காரர்களைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. நம் வாயில் வரும் நைனாவும் டப்பும் தெலுங்கிலிருந்து வந்தவைதான். எதிர்வீட்டு அத்தையிடம் தினம் காலை ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டேன். அதே ஆள், அதே வாசல், ஏறக்குறைய அதே பேச்சு: தண்ணீர் வந்ததா, என்ன சமையல், பேரன் பள்ளிக்கூடம் போனானா. திரும்பத் திரும்ப வருவதால் நாக்கு பழகியது. ஆள் மாறாததால் பயமும் இல்லை.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. நான் திணறியதும் அத்தை பாசத்தில், "ஏம்பா கஷ்டப்படுற, தமிழ்லயே சொல்லு" என்பார். நானும் நிம்மதியாகத் தமிழுக்குத் தாவிவிடுவேன். இரண்டு வாரம் இப்படியே வீணானது. பிறகு ஒருநாள் "நாதோ தெலுகுலோனே மாட்லாடண்டி" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். என்னோடு தெலுங்கிலேயே பேசுங்கள் என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

பேசுவதற்கு முன் மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது நம் பழக்கம். அது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் நாம் ஒத்திகை பார்ப்பது முதல் வாக்கியத்தை மட்டும். அதை அழகாகச் சொல்லிவிடுவோம். எதிராளி இவருக்கு மொழி தெரியும் போலிருக்கிறது என்று மடமடவென்று பதில் சொல்வார். அங்கே உறைந்துபோவோம். அதனால் முதல் வாக்கியத்தைவிட, மாட்டிக்கொண்டால் கைகொடுக்கும் வாக்கியங்களைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும். எனக்கு உதவியவை நான்கு. "நாகு தெலுகு கொஞ்செம் கொஞ்செம் வச்சு", எனக்குத் தெலுங்கு கொஞ்சம் கொஞ்சம் வரும். "நெம்மதிகா செப்பண்டி", மெதுவாகச் சொல்லுங்கள். "இங்கோசாரி செப்பண்டி", இன்னொரு தடவை சொல்லுங்கள். "தீன்னி தெலுகுலோ ஏமண்டாரு?", இதைத் தெலுங்கில் என்ன சொல்வார்கள்? கடைசி வாக்கியம் பொக்கிஷம். கையில் இருக்கும் பொருளைக் காட்டி இதைக் கேட்டால் பேச்சை எதிராளி எடுத்துக்கொள்வார், நாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்பது நமக்குக் கைவந்த கலைதானே.

எழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெலுங்கு வார்த்தைகளைத் தமிழில் எழுதிப் படிப்பதை ஆரம்பத்தோடு நிறுத்திவிடுங்கள். தெலுங்கில் பாட்டுக்கான சொல்லுக்கும் பாதைக்கான சொல்லுக்கும் முதல் ஒலிதான் வேறு (pa, ba), தமிழில் எழுதினால் இரண்டும் "பாட்ட" என்றுதான் வரும். பழைய நடையில் எழுதிய புத்தகங்களை வைத்துப் பேச்சுக்குத் தயாராவதும் வேண்டாம். "போகிறேன்" என்பதற்கு அவற்றில் இருக்கும் வெள்ளுசுன்னானு என்ற வடிவத்தைத் தெருவில் யாரும் சொல்வதில்லை, வெள்துன்னானு என்பார்கள். தெலுங்கு எழுத்தில் பேச்சு நடைக்காகப் போராடிய கிடுகு ராமமூர்த்தியின் பிறந்தநாளான ஆகஸ்ட் 29-ஐத்தான் தெலுங்குக்காரர்கள் தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நேரம் பார்க்காமல் பேச முயல்வதும் தவறுதான். ஷிப்ட் முடிந்து திரும்பும் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பயிற்சி செய்யலாம் என்று பல நாள் என்னையே வற்புறுத்தினேன். அந்த நேரத்தில் எனக்குத் தமிழே வராது. மாலையில் கேட்பது, காலையில் பேசுவது என்று பிரித்த பிறகுதான் வண்டி ஓட ஆரம்பித்தது.

கடைசியாக ஒன்று. பகலில் செய்த பிழையை ராத்திரி படுக்கையில் ஓட்டிப் பார்ப்பது. தமிழர்கள் தெலுங்கில் தடுக்கி விழ நிறைய இடம் உண்டு, ஒரே மாதிரி ஒலிக்கும் சொல்லுக்கு அங்கே வேறு அர்த்தம் இருக்கும். நம் "வீடு" என்ற சொல்லுக்கு அங்கே "இவன்" என்று அர்த்தம். ஒருநாள் ஸ்டோர்ஸில் இருக்கும் பெரியவரிடம் ஒரு சாமான் கேட்டேன். அவசரமில்லை, மெதுவாகக் கொடுங்கள் என்ற நினைப்பில் "அவசரம் லேது, அன்னா" என்றேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தேவையில்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு அவர் சாமானைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். சாயங்காலம் வரை வேலை நின்றது. அன்று இரவு தூக்கமே இல்லை. அவர் கண்ணில் படாமல் எப்படி வேலை பார்ப்பது என்றுகூட யோசித்தேன்.

அப்புறம் எழுந்து, நோட்டில் சரியான வாக்கியத்தை மட்டும் எழுதினேன். பிழையை எழுதவில்லை. அவசரத்துக்கு அவர்கள் சொல்வது தொந்தர. மறுநாள் காலை அவரிடமே போய் அதே சாமானைக் கேட்டு, "தொந்தர லேது, அன்னா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "தொந்தர லேதா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். சாமானை எடுத்துக்கொண்டே எந்த ஊர், எந்த ரயில், எத்தனை மணிக்குக் கிளம்புவாய் என்று ஒவ்வொன்றாக, நெம்மதிகா கேட்க ஆரம்பித்தார்.