நுவரெலியாவில் காஷ்மீர் ஈப்பிடிப்பானைப் பார்க்க
அக்டோபரிலிருந்து மார்ச் வரை இலங்கை மலையகப் பக்கம் போகிறவர்கள், நுவரெலியா விக்டோரியா பூங்காவில் காலையிலேயே போய்ப் புதர் ஓரமாக நில்லுங்கள். சும்மா நின்றாலே போதும், அதுவாக வரும். 13 செ.மீ. கூட இருக்குமோ என்னவோ, அவ்வளவு சின்னக் குருவி. ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சளாக, இரு பக்கமும் கறுப்புக் கரையோடு இருக்கும். பெண் மங்கல், ஆனால் வால் அடியில் உள்ள வெள்ளை, வாலை வெடுக்கென்று தூக்கும்போது பளிச்சென்று தெரியும்.

காஷ்மீர்ப் பக்கத்து இமயமலைக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிறது. அங்கே காடு அழிவதால், அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

போனில் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள், ப்ளீஸ். இரை தேட வேண்டிய நேரத்தில் வீணாக அலையும். தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புதரையும் சருகையும் கூட்டாமல் விட்டுவையுங்கள், இது பூச்சி பிடிப்பது பெரும்பாலும் தாழ்வான கிளையிலும் தரையிலும்தான். அந்த மூலையில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். அப்புறம், வீட்டுப் பூனையை விடியற்காலையில் உள்ளேயே வைத்திருங்கள்.