பந்து ஆடத் தெரிந்த தம்பிக்கு, மற்றதைப் பற்றி

விளையாட்டு விடுதியில் வளர்ந்த கால்பந்துப் பையன்களிடம் ஒன்றைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பன்னிரண்டு வயதில் உள்ளே போனவனுக்கு எழுந்திருக்க ஒரு மணி, சாப்பிட ஒரு மணி, தூங்க ஒரு மணி அடிக்கும். அப்புறம் கிளப்பில் சேர்ந்தால் கவனிப்பு இன்னும் அதிகம். ஜெர்சியைத் துவைத்து மடித்து வைக்க ஒருவர், விமான டிக்கெட் போட டீம் மேனேஜர், தட்டில் எத்தனை கரண்டி சோறு என்று சொல்ல இன்னொருவர். இருபத்தொரு வயதில் அவனால் இருபதாயிரம் பேர் கூச்சலுக்கு நடுவே, முதுகில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, பதறாமல் பந்தை வாங்கித் திருப்ப முடிகிறது. தட்கலில் ஊருக்கு ஒரு டிக்கெட் போடச் சொன்னால் மேனேஜருக்கு போன் அடிக்கிறான்.

இது அவன் தப்பு என்று சொல்ல மாட்டேன், நாம்தான் அப்படி வளர்த்திருக்கிறோம். "பொறுப்பா இருடா" என்று எல்லாக் கோச்சும் சொல்கிறோம் (நானும்தான்), எப்படி என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிற, அல்லது போன வருடம் போட்டுவிட்டு இப்போது முழித்துக்கொண்டிருக்கிற தம்பிகளுக்காக. தங்கைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, சென்னை லீக்கில் சில சீசன் ஆடியவன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். கீழே இருப்பதில் பாதி நானே செய்த முட்டாள்தனங்களில் இருந்து வந்தது.

பேப்பர் உன் கையில் இருக்கட்டும்

முதல் கேள்வி. உன் ஒப்பந்தத்தின் நகல் உன்னிடம் இருக்கிறதா? ஏஜென்ட்டிடம் இருக்கிறது, மாமாவிடம் இருக்கிறது என்பதெல்லாம் பதில் இல்லை. இன்றைக்கே கிளப்புக்கு ஒரு மெயில் போட்டு, எல்லாப் பக்கமும் கையெழுத்தோடு இருக்கிற நகலைக் கேட்டு வாங்கு. மெயிலை நீயே எழுது, ஆங்கிலம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

கையில் வந்ததும் உட்கார்ந்து படி. புரியவில்லை என்றால் ஊரில் ஒரு வக்கீலுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்துப் படிக்கச் சொல், நீ வாங்குகிற பூட்ஸ் விலைகூட வராது. சம்பளம் வருடத்துக்கு எத்தனை மாதம் என்று பார். சில ஒப்பந்தங்களில் அது சீசன் நடக்கிற மாதங்களுக்கு மட்டும். ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டுகிற உரிமை யாருக்கு, கிளப்புக்கு மட்டுமா, இருவரும் ஒத்துக்கொண்டால்தானா? அடிபட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது, அந்தக் காலத்தில் சம்பளம் வருமா? இந்த மூன்றையும் நீ உன் வாயால் யாருக்காவது விளக்கிச் சொல்ல முடிகிற வரை கையெழுத்துப் போடாதே.

ஃபிஃபா விதிகளில் சிலவற்றையாவது தெரிந்து வைத்துக்கொள். பதினெட்டு வயது ஆகாதவனோடு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் நீ வேறு கிளப்போடு பேசலாம், அது துரோகம் இல்லை. இரண்டு மாதச் சம்பளம் வராமல் போனால், கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்து பதினைந்து நாள் அவகாசம் கொடுத்த பிறகு விலக வழி இருக்கிறது. ஆனால் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் தப்பு உன் பக்கம் வந்துவிடும், அதனால் முதலில் வீரர்கள் சங்கமான எஃப்பிஏஐயிடம் பேசு. முன்னாள் இந்தியக் கேப்டன் பைச்சுங் பூட்டியா போன்றவர்கள் 2006-ல் தொடங்கியது, இந்த மாதிரி வேலைக்காகத்தான் இருக்கிறது. ஏஜென்ட் என்று வருகிறவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேள், 2023-லிருந்து அதற்குப் பரீட்சையே உண்டு. அவரோடு நீ போடுகிற ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. கேட்டதும் முகம் சுளிக்கிறவர் ஏஜென்ட் இல்லை, தரகர்.

பணம்

2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) அடுத்த சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது நினைவிருக்கும். ஆகஸ்டில் சில கிளப்புகள் முதல் அணியின் சம்பளத்தையே நிறுத்தின. லீக்கை நடத்துகிறவர்களுக்கும் இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் நடுவே ஒப்பந்தத் தகராறு, அதில் ஆட்டக்காரன் செய்த தப்பு ஒன்றும் இல்லை, ஆனாலும் வீட்டு வாடகைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். அந்த மாதங்களில் யார் தாக்குப் பிடித்தார்கள்? அதிகம் சம்பாதித்தவன் என்று சொல்ல முடியாது, ஆறு மாதச் செலவை ஒதுக்கி வைத்திருந்தவன்.

ஆகவே இரண்டு கணக்கு வை. சம்பளம் ஒன்றில் விழட்டும், அதிலிருந்து மாதா மாதம் ஒரு தொகையை இன்னொன்றுக்கு மாற்றி அதை வைத்து வாழு. முதல் கணக்கின் ஏடிஎம் அட்டையை பர்ஸில் வைக்காதே. பல கிளப்புகள் சம்பளத்தை ஒப்பந்தக் கட்டணமாகத்தான் தருகின்றன, 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிட்டு மீதி வரும். வரி அத்தோடு முடிந்தது என்று நினைத்து ரிட்டர்ன் போடாமல் விட்டவர்களுக்கு அப்புறம் நோட்டீஸ் வரும். ஒரு ஆடிட்டரைப் பிடி.

கஷ்டமான பகுதி வீடு. கடன் இருக்கும், அக்கா கல்யாணம் இருக்கும், கூரை ஒழுகும். கொடு. கொடுக்காதே என்று நான் சொன்னால் அது மனுஷத்தனம் இல்லை. ஆனால் மாதம் இவ்வளவு என்று அம்மாவிடம் உட்கார்ந்து பேசி ஒரு தொகையை முடிவு செய்துவிடு, ஒவ்வொரு தடவையும் போனில் அழுகையும் சண்டையுமாகக் கொடுப்பதைவிட அது இருவருக்கும் நிம்மதி. அண்ணனின் நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்து, சித்தப்பா வண்டிக்கு உன் பேரில் இஎம்ஐ, இது இரண்டும் மட்டும் வேண்டவே வேண்டாம். "கிளப்ல விடமாட்டாங்க, ஒப்பந்தத்துல இருக்கு" என்று பொய் சொல். இந்த ஒரு பொய்க்கு நான் அனுமதி தருகிறேன்.

செவன்ஸ்

அணிக்கு ஏழு பேர் ஆடுகிற இந்தக் கால்பந்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சீசன் முடிந்ததும் கேரளத்து மலப்புறத்திலிருந்து போன் வரும். அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டி, ஃப்ளட்லைட் போட்டு, ஆட்டம் முடிந்த கையோடு கவரில் பணம். கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களிலும் இப்படிப் பந்தயங்கள் உண்டு. செவன்ஸ் ஆட்டத்தை நான் கேவலமாகப் பேச மாட்டேன், அந்தக் கூட்டத்தின் வெறி வேறு எங்கேயும் கிடைக்காது, குறுகிய இடத்தில் பந்தைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டதே அங்கேதான். ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கிறவன் கிளப்புக்குத் தெரியாமல் அங்கே போய் ஆடினால், அடிபட்டால், யாரும் உனக்கு இல்லை.

நான் போனேன். வேறு பேரில் ஆடினேன், மூன்றாவது ஆட்டத்தில் ஊன்றிய கால் மண்ணில் மாட்டி முட்டி திரும்பியது. ஊருக்கு வந்து புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு, கிளப்பில் மாடிப்படியில் விழுந்தேன் என்றேன். ஃபிசியோ முட்டியைத் தொட்டுப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு உண்மையாகவே தொடையில் பிடிப்பு வந்து நான் சொன்ன நாட்களிலும் அவர் அதே மாதிரிதான் பார்த்தார். முட்டி ஓரளவுக்கு ஆறியது, அந்தப் பார்வை மாறவில்லை. அடுத்த வருடம் என்னை வைத்துக்கொள்ளவில்லை.

ஆக, செய்ய வேண்டியது இது. பந்தயத்துக்குப் போக ஆசையாக இருந்தால் எழுத்தில் அனுமதி கேள். இல்லை என்றால் போகாதே. தப்பித் தவறிப் போய் அடிபட்டுவிட்டால் அன்று ராத்திரியே டாக்டருக்கு உண்மையைச் சொல். திட்டு விழும், அபராதம் விழும், ஆனால் அவருக்கு எப்படி அடிபட்டது என்று தெரிந்தால்தான் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.

அடிபடுவது எல்லாருக்கும் வரும். எரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2020-21 ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் காயம்பட்டு வெளியே போனார். இதில் யாருடைய பொறுப்பின்மையும் இல்லை, ஆட்டம் அப்படி. உன் பொறுப்பு தொடங்குவது அதற்குப் பிறகு. ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கிற தசைநார்) ஆபரேஷன் என்றால் ஒன்பது மாதத்துக்குள் ஆட்டத்துக்குத் திரும்பாதே என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அவசரப்படுகிறவர்களுக்கு மறுபடி கிழிவது அதிகம். ஏழாவது மாதம் "நல்லா இருக்கு சார்" என்று சொல்லத் தோன்றும். வாயை மூடிக்கொண்டு குந்தி எழுகிற பயிற்சியைச் செய்.

மாத்திரையும் பந்தயமும்

அப்போது நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப் கோல்கீப்பராக இருந்த ஆந்த்ரே ஒனானா, உடம்பு சரியில்லை என்று தன் மாத்திரை என நினைத்து மனைவியின் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அதில் தடைசெய்யப்பட்ட ஃபுரோசமைட் இருந்தது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று ஒத்துக்கொண்டும் 2021 பிப்ரவரியில் 12 மாதத் தடை போட்டார்கள், மேல்முறையீட்டில் அது 9 மாதமானது. ஊக்கமருந்து விதியில் "தெரியாது" என்பது தண்டனையைக் குறைக்கலாம், உன்னைக் காப்பாற்றாது. சளி மருந்தோ, ஜிம் நண்பன் கொடுத்த பவுடரோ, பாட்டி அனுப்பிய லேகியமோ, வாயில் போடும் முன் டீம் டாக்டருக்கு போட்டோ எடுத்து அனுப்பு. தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' ஆப்பிலும் மருந்தின் பேரைத் தேடிப் பார்க்கலாம். டாக்டர் போட்ட பதிலை அழிக்காதே.

ஆட்டத்தின் மேல் பணம் கட்டுகிற பந்தயம் இன்னும் மோசம். ஐவன் டோனி பிரென்ட்ஃபோர்டுக்காக ஒரே பிரீமியர் லீக் சீசனில் 20 கோல் அடித்த ஆள், 2023 மே மாதம் 232 விதிமீறல்களுக்காக 8 மாதம் வெளியே உட்கார்ந்தார். அதே வருடம் அக்டோபரில் இத்தாலிய வீரர் சான்ட்ரோ டோனாலிக்கு 10 மாதம். இருவருக்கும் இது ஒரு நோய் அளவுக்குப் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது, அதனால் சிரிக்காதே. இங்கிலாந்து வீரர் கீரன் ட்ரிப்பியர் விஷயம்தான் உனக்கு ரொம்பப் பொருந்தும். தான் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்குப் போகப்போகிற தகவலை நண்பர்களிடம் விட்டார், அவர்கள் அதை வைத்துப் பந்தயம் கட்டினார்கள், 2020 டிசம்பரில் இவருக்கு 10 வாரத் தடை. புரிகிறதா? "நாளைக்கு யாருடா ஆடுறா" என்று ஏரியா வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறவன் சும்மாவும் கேட்கலாம், சும்மா இல்லாமலும் கேட்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே பதில்: "டீவில பாரு."

பெஞ்சில் உட்கார்ந்தால்

உட்காருவாய். ஆறு ஆட்டம் தொடர்ந்து ட்ராக்சூட் கழற்றாமல் வீடு திரும்புவாய். அப்போது சீனியர் ஒருவர் பக்கத்தில் வந்து "கோச்சுக்கு உன்னைப் புடிக்கல" என்று ஆறுதல் சொல்வார். ஆபத்தான ஆறுதல் அது, ஏனென்றால் அதை நம்பினால் நீ மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது.

கோச்சிடம் போ. ஆட்டம் நடந்த அன்று போகாதே, மறுநாளும் வேண்டாம், வாரத்தின் நடுவில் பயிற்சி முடிந்து ஐந்து நிமிடம் கேள். "நான் ஏன் ஆடல" என்று ஆரம்பித்தால் அவர் தன் முடிவுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குவார். "என் இடத்துல ஆடுறவர் செய்யறதுல நான் எதைச் செய்யல" என்று கேள். அவர் இரண்டு விஷயம் சொல்வார். எழுதிக்கொள், வாக்குவாதம் பண்ணாதே, மூன்று வாரம் கழித்து அதே இரண்டைப் பற்றி மறுபடி கேள். இப்படித் திரும்பி வந்து கேட்ட பையன்களை நான் மொத்தம் நான்கு பேர்தான் பார்த்திருக்கிறேன்.

மொழி ஒரு பெரிய விஷயம். நந்தகுமார் சேகர் சென்னைப் பையன், ஒடிசாவுக்கு ஆடிவிட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோலில் பாதி கொல்கத்தாவைத் தூங்கவிடாமல் செய்தார். உனக்கும் பிழைப்பு வெளியூரில் அமையலாம். தமிழ்ப் பையன்களோடு மட்டும் ஒரே அறை, ஒரே மேசை, ஒரே ரீல்ஸ் என்று இருக்காதே. இந்தியோ ஆங்கிலமோ தினமும் பத்து வார்த்தை போதும். டிஃபென்ஸில் ஆடுகிறவனுக்குக் கத்தத் தெரியாவிட்டால் பாதி ஆட்டம் போச்சு.

தோற்ற இரவில் ஸ்டேட்டஸ் போடாதே. இதற்கு விளக்கம் தேவையில்லை.

மீதி நேரம்

பயிற்சி இரண்டு மணி நேரம், ஜிம் ஒரு மணி நேரம். மீதி நாள் முழுக்க பப்ஜி ஆடலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர், 2020 ஊரடங்கில் சென்னைத் தெருவில் டியூட்டி பார்த்தவர். ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு அலுவலக வேலை ஒரு கூரையாக இருந்தது, இப்போது கிளப் பணத்தைப் பார்த்து அந்த வழியை நாமாகவே மறந்துவிட்டோம். விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ்கள் வேண்டும், ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து வை. தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டம் படி. காயத்தில் உட்கார்ந்திருக்கும் வருடத்தில் சம்மேளனத்தின் டி லைசென்ஸ் பயிற்சியாளர் படிப்பு முடித்துவிடலாம், சில நாட்களில் முடிகிற விஷயம்தான், ஆட்டத்தைப் பார்க்கிற கண்ணே மாறும்.

விண்ணப்பத்தை நீயே நிரப்பு. உன் பேரும் அப்பா பேரும் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். எங்கள் பையன் ஒருவனுக்கு மூன்றிலும் மூன்று விதமாக இருந்து, பதிவு கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு அவன் இ-சேவை மையத்தில் நின்று எனக்கு போன் அடித்தான்.