யாரையும் தெரியாதவருக்காக எழுதுங்கள்: சின்ன ஊரில் நிகழ்ச்சி மடல் நடத்துவது எப்படி

சின்ன ஊரில் யாரைக் கேட்டாலும் "இங்க என்ன நடக்குது, ஒண்ணும் கிடையாது" என்பார்கள். ஒரே ஒரு வாரம் கையில் நோட்டோடு சுற்றிப் பாருங்கள். நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார்கள், பள்ளி மைதானத்தில் காலை ஆறு மணிக்கு நாலு பேர் சேர்ந்து ஓடுகிறார்கள், ஒரு மாடியில் செஸ், இன்னொரு மாடியில் தையல் வகுப்பு, எப்போதாவது ஒரு ரத்ததான முகாம். எல்லாம் நடக்கத்தான் செய்கிறது. போகிறவர்களுக்கு மட்டும் தெரிகிறது, தெரிந்தவர்கள் மட்டும் போகிறார்கள், அதுதான் சிக்கல்.

வாரம் ஒரு முறை, எங்கே எப்போது என்ன என்று ஒரே இடத்தில் எழுதி அனுப்புவதுதான் நிகழ்ச்சி மடல். பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். வாங்க விற்க, வேலை, வீடு தேட அமெரிக்காவில் பலரும் பயன்படுத்தும் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பர இணையதளம் 1995-இல் தொடங்கியதே இப்படித்தான். கிரெய்க் நியூமார்க் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கிற நிகழ்ச்சிகளைப் பற்றித் தன் நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார். அது பிறகு வேறு எங்கோ போய்விட்டது, அந்தக் கதை நமக்கு வேண்டாம். முதல் மடலுக்கு இருபது நண்பர்களின் முகவரி போதும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதை. "ஊருக்கே" என்று சொன்னால் எழுத்து வழவழவென்று ஆகிவிடும். நான் மனதில் வைத்துக்கொள்வது ஒரே ஒரு ஆளை: மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியும், அதற்கு மேல் ஊரில் ஒருவரையும் தெரியாது. பழைய ஆட்களுக்கு மடல் இல்லாவிட்டாலும் எப்படியோ சேதி போய்விடும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் செய்தி வருவது அரைகுறைப் பழக்கம் உள்ளவர்களிடமிருந்துதான் என்பது அதன் சாரம். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு அந்த அரைகுறைப் பழக்கம்கூட இல்லை. மடல் அந்த இடத்தில் நிற்கிறது.

இந்த ஒரு ஆளை மனதில் வைத்துவிட்டால் பாதி முடிவுகள் தானாக வந்துவிடும். ஒரு நிகழ்ச்சியைப் பற்றி வழக்கமாக வருகிற அறிவிப்பு இப்படி இருக்கும்:

"சதுரங்கக் கழகத்தின் மாதாந்திரக் கூட்டம் இந்தச் சனிக்கிழமை வழக்கமான இடத்தில் நடைபெறும். அனைவரும் வருக."

இதை எழுதினவருக்கு வழக்கமான இடம் எது என்று தெரியும். அதைப் படிக்கிற புது ஆளுக்கு இது பூட்டின கதவு. "அனைவரும் வருக" என்பதை யாரும் நம்புவதும் இல்லை, அது எல்லா நோட்டீஸிலும் இருக்கிற வரி. அதையே நான் இப்படி எழுதுவேன்:

"செஸ், சனிக்கிழமை மாலை 5 முதல் 7 வரை. நூலகத்தின் பின்பக்க அறை. முன்வாசல் அந்த நேரம் மூடியிருக்கும், சைக்கிள் நிறுத்துமிடம் வழியாக வாருங்கள். காய் எப்படி நகரும் என்று தெரிந்தாலே போதும். தனியாக வந்தால் ஜோடி சேர்த்து விடுவார்கள். பலகை அங்கேயே இருக்கிறது. பாதியில் கிளம்பினாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். படி ஏற வேண்டியதில்லை."

ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆர்வம் இல்லாதது கிடையாது. எந்தக் கதவு, என்ன எடுத்துப் போக வேண்டும், எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருந்து நான் மட்டும் சுவரோரம் நிற்கப் போகிறேனா, எப்போது முடியும், குழந்தையைக் கூட்டிப் போகலாமா... இந்தச் சின்னச் சின்னக் கேள்விகள் சேர்ந்துதான் ஆளைச் சோபாவிலேயே உட்கார வைத்துவிடுகின்றன. முடியும் நேரத்தை எழுதாத அறிவிப்புகள் எத்தனை என்று பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். வீட்டில் சின்னக் குழந்தையோ வயதானவரோ இருக்கிறவர், முடியும் நேரம் தெரியாமல் எதற்கும் வர மாட்டார்.

இந்த விவரங்கள் போஸ்டரில் இருக்காது, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். அதனால் மடல் நடத்துவதில் பெரும்பகுதி போன் செய்வதுதான், எழுதுவது கடைசி ஒரு மணி நேரம். ஆரம்பத்தில் "நிகழ்ச்சி இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள்" என்று ஒரு கூகுள் ஃபார்ம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஈ காக்கா வரவில்லை. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் எல்லாருமே வேறு வேலைக்கு நடுவில் அதை இழுத்துக்கொண்டு போகிறவர்கள், உங்கள் படிவத்தை நிரப்ப அவர்களுக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. சரி என்று பதினைந்து பேரின் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு வாராவாரம் செவ்வாய்க்கிழமை நானே கூப்பிட ஆரம்பித்தேன். நூலகர், விளையாட்டுப் பயிற்சியாளர், பள்ளி அலுவலகத்தில் ஒருவர், மண்டபத்துச் சாவி வைத்திருப்பவர். இந்தக் கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள், ஊரில் என்ன நடக்கப் போகிறது என்பது சாவி வைத்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். இரண்டு மூன்று மாதம் விடாமல் கூப்பிட்டால், அப்புறம் அவர்களே கூப்பிடுவார்கள். ஃபார்மை அப்போது கொடுங்கள்.

கேட்டதையெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வையுங்கள். தேதி, கிழமை, தொடக்கம், முடிவு, இடம், வாசல், தொடர்புக்கு யார், கடைசியாக உறுதி செய்த நாள். கிழமையை மட்டும் கையால் அடிக்காதீர்கள், தேதியைக் கொடுத்தால் ஸ்ப்ரெட்ஷீட்டே கணக்குப் போட்டுச் சொல்லும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முறை "14, சனிக்கிழமை" என்று போட்டுவிட்டேன். 14 ஞாயிற்றுக்கிழமை. கிழமையை நம்பினவர்கள் சனிக்கிழமை போய் நின்றார்கள். சாயங்காலம் ஒரு பெரியவர் போன் செய்து, "தம்பி, ரொம்ப நல்ல பூட்டு, அரை மணி நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து, அனுப்புவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒருவரிடமாவது கேட்டு உறுதி செய்யாமல் போடுவதில்லை. உறுதி ஆகாததை விட்டுவிடுவேன், ஐந்துதான் தேறினாலும் அந்த வாரம் ஐந்துதான். தப்பு நடந்துவிட்டால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம், தெரிந்த உடனே இரண்டு வரியில் திருத்தம் அனுப்புங்கள். தலைப்பிலேயே "திருத்தம்" என்று இருக்கட்டும்.

எதில் அனுப்புவது? எல்லாரும் முதலில் வாட்ஸ்அப் குரூப் என்பார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம்தான், ஆனால் உள்ளே இருக்கிற ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும், அது பலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, பிடிக்காது. அதோடு காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் சனிக்கிழமை செஸ் எங்கோ மேலே போய்விடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் என்றால் ஒன்றுக்கு 256 பேர், அதிலும் உங்கள் எண்ணை அவர்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். 2023-இல் வந்த சேனல் வசதி இதற்குத் தேவலை, பின்தொடர்கிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. ஆனால் மூல மடல் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். முகவரிப் பட்டியல் உங்கள் கையில் இருக்கும், நாளைக்கு ஒரு சேவை பிடிக்கவில்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போய்விடலாம்.

சாதாரண ஜிமெயிலிலேயே தொடங்கலாம், எல்லா முகவரியையும் பிசிசி கட்டத்தில் போட்டு, அதில் போட்டால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. (ஒரே ஒரு முறை தவறி மேல்கட்டத்தில் போட்டால் எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் போய்விடும், அனுப்பு பொத்தானை அழுத்தும் முன் இரண்டு தரம் பாருங்கள்.) தனிநபர் ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் என்று வரம்பு இருக்கிறது. நூறைத் தாண்டும்போதே மெயில்சிம்ப், பட்டன்டவுன், சப்ஸ்டாக் மாதிரி மடல் அனுப்புவதற்கென்றே இருக்கிற சேவை ஒன்றுக்கு மாறிவிடுவது நல்லது, விலகிக்கொள்ளும் பட்டன் அதில் தானாகவே வரும். சொந்த டொமைனிலிருந்து (உங்கள் பெயரில் வாங்கின இணைய முகவரி) அனுப்பினால், மடல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று இரண்டு அமைப்புகளைச் செய்ய வேண்டும். சேவையின் உதவிப் பக்கத்தில் படிப்படியாக இருக்கும், அரை மணி நேர வேலை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராகிவிட்டது, சும்மா விட்டால் மடல் ஸ்பேமில் போய் உட்கார்ந்துகொள்ளும். படங்களை அடுக்காதீர்கள், ஒரு படம் போதும். போஸ்டரைப் படமாக ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. படம் திறக்காத போனில் அது வெறும் வெள்ளைக் கட்டம், பார்வை இல்லாதவரின் போன் அதைச் சரியாக வாசித்துச் சொல்லாமல் போகலாம், தேடினாலும் கிடைக்காமல் போகலாம். எழுத்தாகவே எழுதுங்கள். எழுத்தானாலும் நீளத்துக்கு அளவு உண்டு, 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மடலின் வாலை வெட்டிவிடும், கடைசியில் போட்ட ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி யார் கண்ணிலும் படாது.

எந்த நாள் அனுப்பினாலும் சரி, நாள் மாறக் கூடாது. நான் வியாழக்கிழமை காலை அனுப்புகிறேன், வார இறுதிக்குத் திட்டம் போட அது போதுமான நேரம், மறந்துபோகிற அளவுக்கு நீண்ட நேரமும் கிடையாது. முன்பதிவு தேவைப்படுகிற நிகழ்ச்சிகளை மட்டும் இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிடுவேன்.

ஆட்களைச் சேர்ப்பது மெதுவான வேலை. கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள், சொந்த அத்தையாக இருந்தாலும் சரி. நிகழ்ச்சி நடக்கிற இடத்திலேயே ஒரு தாளும் பேனாவும் வைப்பதுதான் எனக்கு அதிகம் பலன் கொடுத்தது, க்யூஆர் கோடு ஒட்டின இடத்தில் வந்தவர்களைவிடத் தாளில் எழுதினவர்கள் அதிகம். கையெழுத்து புரியாமல் பாதி முகவரி திரும்பி வரும், அதனால் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே இரண்டு வார்த்தை பேசின மாதிரியும் ஆயிற்று. மின்னஞ்சல் பார்க்காதவர்களுக்காக மடலை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்செடுத்து நூலகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுங்கள், போன வாரத்துத் தாளைக் கிழித்துவிட்டு.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம். மடலுக்குள் இருக்கிற ஒரு குட்டிப் படம் இறங்கியதா என்பதை வைத்துத்தான் அந்த எண் வருகிறது. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, அதனால் படிக்காதவர்களும் படித்ததாகக் கணக்கில் வருவார்கள். எனக்கு ஒரே அளவுகோல்தான்: நிகழ்ச்சி நடத்தினவரைத் திங்கட்கிழமை கூப்பிட்டு, "புதுசா யாராவது வந்தாங்களா?" என்று கேட்பது. "ரெண்டு பேர்" என்றால் அது நல்ல வாரம். அந்தப் பதிலை அடுத்த மடலில் ஒரு வரியாகப் போடுவேன், "போன வாரம் செஸ்ஸுக்கு இரண்டு புதியவர்கள் வந்தார்கள், ஒருவர் ஜெயித்துவிட்டுப் போனார்" என்று. யாருடைய பெயரையும் படத்தையும் கேட்காமல் போடுவதில்லை.

எதைப் போடுவதில்லை என்பதையும் முதல் மடலிலேயே சொல்லிவிடுங்கள். என்னுடையது: கட்சிக் கூட்டம் இல்லை, தள்ளுபடி விற்பனை இல்லை, யாரைப் பற்றியும் புகார் இல்லை. உங்களுடையது வேறாக இருக்கலாம், ஆனால் எழுதி வைத்த விதி இல்லாவிட்டால் "அவனுக்குப் போட்டாய், எனக்கு ஏன் போடவில்லை" என்ற பேச்சு வந்தே தீரும், சின்ன ஊரில் அது நாளைக்குக் காலையில் தெருமுனையில் முகத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. விளம்பரம் வாங்கினால் வாங்குங்கள், தப்பில்லை, ஒரு மடலுக்கு ஒன்று, "விளம்பரம்" என்று மேலே எழுதி. நிகழ்ச்சிப் பட்டியலுக்குள் காசு வாங்கிக்கொண்டு யாரையும் நுழைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பலரும் தள்ளிப்போடுவார்கள். ஆறாவது மாதத்துக்குள் இரண்டாவது ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வரும், வெளியூர்க் கல்யாணம் வரும், ஒரு வியாழக்கிழமை சலிப்பாகவும் இருக்கும். கடவுச்சொல், ஸ்ப்ரெட்ஷீட், அந்தப் பதினைந்து எண்கள், மூன்றும் அவரிடமும் இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு மடலை முழுக்க அவரே செய்யட்டும், நீங்கள் தொடாமல். அந்த வாரம் நீங்களும் ஒரு வாசகராக மடலைத் திறந்து, அதில் எழுதியிருக்கிற வாசலை மட்டும் நம்பி, இதுவரை போகாத நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள்.