போட்ஸ்வானாவா நமீபியாவா? எங்க வாழ்க்கை நல்லாருக்குன்னு எப்படி பாக்கறது

எந்த ரெண்டு நாட்டை கேட்டாலும் நம்ம ஆளுங்க மொதல்ல தேடறது தலைக்கு ஜிடிபி எவ்ளோன்னுதான், எது பெருசோ அதுதான் பெட்டர்னு முடிச்சிடுவாங்க. ஆப்பிரிக்கால இந்த கணக்கு சுத்தமா ஒதவாது. எக்குவடோரியல் கினியா இருக்கே, கடல்ல எண்ணெய் கெடச்சதும் தலைக்கு வருமானம் பேப்பர்ல எங்கயோ போச்சு, ஆனா 1979ல ஆட்சிய புடிச்ச ஒபியாங் இன்னும் எறங்கல, அந்த எண்ணெய் காசு சாதாரண ஜனங்க வீட்டுக்கும் பெருசா வந்து சேரல.

அதனால மொதல் வேலை, ஒப்பிடத் தகுந்த ஜோடியா எடுக்கறது. போட்ஸ்வானாவும் நமீபியாவும் சரியான ஜோடி. பக்கத்து பக்கத்து நாடு, ரெண்டும் வறண்ட பூமி, ரெண்டுலயும் வைரம், ஜனத்தொகையும் கம்மி (2022 சென்சஸ்ல போட்ஸ்வானா 23 லட்சம் சொச்சம், 2023ல நமீபியா 30 லட்சம்). வரலாறுதான் வேற. போட்ஸ்வானா 1966லயே சுதந்திரம் வாங்கி அடுத்த வருஷமே ஒராபால வைரம் கண்டுபுடிச்சு, பின்னாடி டி பியர்ஸ்ங்கற வைர கம்பெனிகிட்ட பேசி பாதிக்கு பாதி பங்கு வாங்கிடுச்சு. நமீபியா 1990 வரைக்கும் தென்னாப்பிரிக்கா புடியில, நிறவெறி சட்டத்துக்குள்ள கெடந்துச்சு. இதை மனசுல வெச்சுக்கிட்டு நம்பர பாருங்க, இல்லனா தப்பு தப்பா முடிவு பண்ணுவீங்க.

அடுத்து ஹெச்டிஐ பாருங்க, படிப்பு ஆயுசு வருமானம் மூணும் சேந்த நம்பர் அது. அதுல போட்ஸ்வானாதான் முன்னாடி. ஆனா அதோட நிறுத்தாதீங்க, ஏன்னா ரெண்டு நாடும் ஏற்றத்தாழ்வுல உலகத்துலயே முன்வரிசை, 2015 கணக்குல கினி (ஏற்றத்தாழ்வ அளக்கற நம்பர், 100 பக்கம் போகப் போக மோசம்) போட்ஸ்வானாவுக்கு 53, நமீபியாவுக்கு 59. இப்படி இருக்கற எடத்துல சராசரி மனுஷன்னு ஒருத்தன் கெடையவே கெடையாது, யாரோட வாழ்க்கைய கேக்கறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க.

நமீபியா தலைநகர் விண்ட்ஹுக்கையே எடுத்துக்கோங்க. கழிவுநீரை சுத்தம் பண்ணி திரும்ப குடிதண்ணியா குழாய்ல விடறதை 1968லயே உலகத்துல மொதல்ல செஞ்ச ஊரு அது. அதே ஊர் ஓரத்துல, கட்டுத்துரா ஏரியாவ தாண்டி ஹவானாங்கற குடிசைப் பகுதி பக்கம் போனா வரிசையா தகர கொட்டாய், தெருவுக்கு பொதுவா ஒரு குழாய், அதுலயும் ப்ரீபெய்ட்னா காசு ஏத்துனாதான் தண்ணி, கக்கூஸ் இல்லாதவங்க பொதருக்கு பின்னாடி. சராசரி போட்டா இது எதுவுமே தெரியாது. போட்ஸ்வானா தலைநகர் கபரோன்லயும் தண்ணி கத உண்டு, 2015 வாக்குல அணையே வறண்டு போய் வடக்குல இருந்து பைப்ல கொண்டு வர்ற தண்ணிய நம்பி இருந்தாங்க.

எந்த வருஷத்து டேட்டான்னும் பாருங்க, இது ரொம்ப முக்கியம். 2000 வாக்குல போட்ஸ்வானால பெரியவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல ஹெச்ஐவி, சராசரி ஆயுசே பயங்கரமா விழுந்துச்சு, காசு இருந்தும். 2002ல அரசாங்கமே மாத்திரைய இலவசமா குடுக்க ஆரம்பிச்சப்புறம் ஆயுசு கிராஃப் மேல ஏறுச்சு. ஒரே வருஷத்த மட்டும் பாத்தா இந்த ஏத்தமும் எறக்கமும் கண்ணுலயே படாது.

சம்பளம் ஒப்பிடறப்போ கரன்சில ஏமாறாதீங்க. நமீபிய டாலர் தென்னாப்பிரிக்க ராண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு, போட்ஸ்வானா காசு புலா அதை விட மதிப்பு ஜாஸ்தி, அதனால அங்க 10,000 இங்க 10,000னு நேரா வெக்க கூடாது, பிபிபி, அதாவது அந்தந்த நாட்டு விலைவாசிக்கு அந்த காசுல எவ்ளோ வாங்கலாம்னு கணக்கு போட்டு பாக்கணும். மளிகை ரெண்டு ஊருக்கும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கால இருந்துதான் வருது, அதுல பெருசா ஒண்ணும் இல்ல. நெலத்துலதான் வித்தியாசம். போட்ஸ்வானால குடிமகனா இருந்தா லேண்ட் போர்டுல மனு போட்டு வீட்டு மனை வாங்கலாம், மனைக்கு காசு கெடையாது (காத்திருக்கறது வருஷக்கணக்குல, அது வேற விஷயம்). டவுன்ல வேலை பாக்கறவருக்கும் கிராமத்துல மாடு இருக்கும், அது எந்த சம்பள டேபிள்லயும் வராது. நமீபியால பட்டா பண்ணை நெலத்துல பெரும்பகுதி இன்னும் வெள்ளைக்காரங்க கைலதான். ஆனா பென்ஷன்ல நமீபியாவ கொற சொல்ல முடியாது, வேலை பாத்தீங்களா, வருமானம் எவ்ளோன்னு கேக்காம 60 வயசானா மாசா மாசம் குடுக்கறாங்க. போட்ஸ்வானா 1996ல ஆரம்பிச்சப்போ வயசு 65.

வேலையில்லா திண்டாட்டம் நம்பர் எடுத்தா கீழ இருக்கற விளக்கத்தையும் படிங்க. நமீபியாவோட 2018 கணக்கு 33.4 சதவீதம், அதுல வேலை தேடறதையே விட்டுட்டவங்களும் அடக்கம், அவங்கள சேக்காத நாட்டு நம்பரோட அதை வெச்சா நமீபியாவுக்கு அநியாயம்.

எனக்கு புடிச்சது அஃப்ரோபாரோமீட்டர் சர்வேதான், ஃப்ரீயாவே பாக்கலாம். போன ஒரு வருஷத்துல சாப்பாடு, சுத்தமான தண்ணி, மருந்து, அடுப்பெரிக்க எரிபொருள், கைல காசு இதெல்லாம் இல்லாம எத்தன தடவ இருந்தீங்கன்னு நேரா ஜனங்களயே கேக்கறாங்க, நகரம் கிராமம்னு பிரிச்சும் பாக்கலாம். ரேங்கிங் லிஸ்ட் பத்து பாக்கறதுக்கு இந்த அஞ்சு கேள்வி போதும்.

என்ன கேட்டா, காசில்லாத குடும்பத்துல பொறக்கணும்னா இப்போதைக்கு போட்ஸ்வானாதான். ஆனா லேப்ல செய்யற வைரம் வந்து வைர விலை அடிவாங்கி, 58 வருஷமா ஆண்ட கட்சியே 2024ல தோத்துச்சு, அரசாங்க கஜானாவும் இப்போ டைட்டு. அதனால ரெண்டு மூணு வருஷம் கழிச்சு புது ரவுண்டு சர்வே வந்ததும் திரும்ப ஒருக்கா பாருங்க, முக்கியமா மருந்து கேள்விய.